போட்டோல கல்லளக்குற சொப்ட்வெயார்: நாலு மாசம் பாவிச்சு பாத்ததுல

கினிகத்தேனை பக்கம் ஒரு கருங்கல் குவாரியில சூப்பர்வைசரா இருக்கேன். விப்ஃப்ராக், ஸ்ப்ளிட்னு இந்த வகையில பல இருக்கு, நான் சொல்றது எந்த ஒன்னயும் பத்தி இல்ல, எல்லாத்துக்கும் பொதுவானது.

வெடி போட்ட குவியல் மேல ஒரு மீட்டர் கம்ப வச்சு போட்டோ எடுத்து குடுத்தா ஒவ்வொரு கல்லயும் சுத்தி கோடு போட்டு எந்த சைஸ் எவ்வளவுன்னு காட்டிரும். நான் மொதல்ல பாக்குறது டி80, அதாவது குவியல்ல நூத்துக்கு 80 பங்கு எந்த சைஸுக்குள்ள இருக்குங்குறது. அது கூடுனா பிரேக்கர் வச்சு நாள் பூரா தட்டணும், இல்லன்னா பெரிய கல்லுக்கு திரும்ப வெடி வைக்கணும், அந்த ரெண்டாவது வெடியிலதான் கல்லு தூரமா பறக்கும், கீழ லயத்துல புள்ளைங்க வெளையாடுதுங்க, எனக்கு அதுதான் பயம்.

மொத வாரம் அது போட்ட கோட்ட அப்படியே நம்பிட்டோம். ஸ்கிரீன்ல எல்லாம் சின்ன கல்லு, ஆனா மூனு கொழுந்து சாக்க அடுக்கின மாதிரி ஒன்னு கிரஷர் வாய்ல குறுக்க நின்னுருச்சு. என்னன்னு பாத்தா நம்ம மலைநாட்டு நைஸ் (gneiss) கல்லுல வெள்ளையும் கறுப்புமா வரி ஓடுமே, அந்த வரிய விளிம்புன்னு எடுத்து ஒரே கல்ல நாலா வெட்டி கணக்கு பண்ணியிருக்கு. சேறு ஒட்டுன சின்ன கல்லுங்கள ஒன்னாவும் சேத்துரும். அதனால கோட்ட கையால திருத்தாம நம்பர எடுக்காதீங்க. குவியலுக்குள்ள எறங்குன பொடியும் போட்டோவுல வராது, அதுக்கு சல்லட போட்டுத்தான் பாக்கணும்.

இதோட உண்மையான பெறுமதி, வெடியில கல்லு எந்த சைஸுக்கு ஒடையும்னு கணக்கு போடுற குஸ்-ராம் மொடலோட சேக்குறப்பதான் தெரிஞ்சுச்சு. குஸ்னெட்சோவ் 1973ல குடுத்த சராசரி சைஸ் சமன்பாட்ட எந்த சைஸ் எவ்வளவுன்னு காட்டுற ரோசின்-ராம்லர் வளைவோட சேத்து கன்னிங்ஹாம் 1983ல வெளியிட்டது. துளை இடைவெளி, கன மீட்டருக்கு எத்தன கிலோ வெடிமருந்து எல்லாம் குடுத்தா வெடிக்கு முந்தியே சைஸ் சொல்லும். ஆனா கல்லோட தன்மைக்குன்னு ஒரு நம்பர் கேக்கும், புத்தகத்துல உள்ளத போட்டா எங்க கல்லுக்கு பொருந்தவே இல்ல, போட்டோ அளவ வச்சு வெடிக்கு வெடி அத திருத்திக்கிட்டே வந்தோம், இப்ப ஓரளவு கிட்ட வருது. அத வச்சு துளை இடைவெளிய கொஞ்சம் குறுக்குனோம், இந்த மாசம் ரெண்டாவது வெடி ஒன்னுகூட வைக்கல.

வாங்குறவங்க மழ விட்டு கல்லு காஞ்சதும் போட்டோ எடுங்க, பெக்கோ அள்ள அள்ள உள்பக்கத்தயும் எடுங்க. கம்பு ரெண்டு வைங்க, மேல ஒன்னு கீழ ஒன்னு, சரிவுல தூரம் மாறுனா கல்லு சைஸும் மாறித்தான் காட்டும்.