ஆறு வருஷமாக ஹெர்பேரியம் பதிவுகளை நம்பி ஊசிப்புல் தேடுகிறேன்

அமெரிக்காவின் தெற்கு யூட்டா, வடக்கு அரிசோனா பள்ளத்தாக்குகளில் பாலைவன ஊசிப்புல் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்க, ஆறு வருஷமாக சைநெட் (SEINet) என்ற இணையதளத்தில் இருக்கும் ஹெர்பேரியம் (உலர்த்திய செடி மாதிரிகளின் காப்பகம்) பதிவுகளைப் பயன்படுத்துகிறேன். இலவசம்தான். பல ஹெர்பேரியங்களில் செடியை ஒட்டிவைத்த தாள்கள் ஒரே தேடலில் வந்துவிடும். ஆனால் சேகரித்த இடத்தைக் காட்டும் வரைபடப் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள், தாளில் இருக்கும் லேபிளைப் படியுங்கள்.

இது எனக்கு இரண்டாம் வருஷம்தான் உறைத்தது. ஒரு பழைய தாளின் புள்ளி ஆற்றோரத்தில் இருந்தது, நாள் முழுக்க இறங்கித் தேடியும் ஒரு தூர்கூட இல்லை. திரும்பி வந்து தாளின் படத்தைப் பெரிதாக்கினால், மேல் விளிம்புக்குக் கீழே பாறைச் சரிவு என்று லேபிளில் தெளிவாகவே இருக்கிறது. படிக்காமல் போனது என் தவறு. பழைய லேபிள்களில் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்காது; ஊர்ப் பெயர், இத்தனை மைல் தெற்கே, இல்லாவிட்டால் ஒரு சதுர மைல் நிலப்பிரிவின் எண், அவ்வளவுதான். புள்ளி பின்னால் அதிலிருந்து கணித்துப் போட்டது. சமவெளியில் ஒரு மைல் தள்ளிப்போனால் சமாளிக்கலாம், இங்கே அந்த ஒரு மைலுக்குள் பல நூறு மீட்டர் செங்குத்துப் பாறை நிற்கும். அதனால் இப்போது முதலில் பார்ப்பது உயரத்தையும், புள்ளி எவ்வளவு தூரம் தவறியிருக்கலாம் என்ற அளவையும்தான்.

அப்புறம் இந்தப் புல்லின் அறிவியல் பெயர்; அது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய தாள்களில் ஸ்டைபா ஸ்பெசியோசா, 1993க்குப் பிறகு அக்னாதெரம், 2008க்குப் பிறகு பாப்போஸ்டைபா. மூன்றையும் போட்டுத் தேடுங்கள். அடையாளத்தில் சந்தேகம் வந்தால் விதையின் நுனியில் நீளும் வாலைப் பாருங்கள்: ஒரே ஒரு மடிப்பு, அதற்குக் கீழே வெள்ளை ரோமம், மேலே வழவழப்பு. நல்ல படமாக இருந்தால் திரையிலேயே தெரிந்துவிடும்.

புள்ளியே இல்லாத இடத்தில் புல் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். சேகரித்தவர்கள் சாலையையும் ஆற்றையும் ஒட்டித்தான் போனார்கள். தாவரவியலாளர்கள் எல்சாடா குளோவரும் லோயிஸ் ஜாட்டரும் 1938இல் படகில் கொலராடோ ஆற்றில் இறங்கிச் செடி சேகரித்த வழியில், கிளென் கேன்யனின் பெரும்பகுதி 1963இல் அணையின் கதவுகளை மூடி நீரைத் தேக்கிய பிறகு நீருக்குள் போய்விட்டது. அப்படிப்பட்ட இடத்துக்கு இனி தாள்தான் சாட்சி.

அன்று ஏமாந்த சரிவுக்குப் போன மே மாதம் மேலிருந்து இறங்கினேன். புல் இருந்தது. அனுமதி வாங்கி ஒரு தூரை வாலோடு அழுத்திக் காயவைத்து, உயரம், சரிவு பார்த்த திசை, பக்கத்துச் செடிகள் எல்லாம் எழுதி ஹெர்பேரியத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.