சுவர் ஏறுவதா, குதிப்பதா, பாரம் தூக்குவதா? எலும்புக்கு எது பலன் தரும்?

எலும்பு அடர்த்திக்கு எந்தப் பயிற்சி நல்லது என்று யாராவது கேட்டால், எந்த எலும்புக்கு என்று திருப்பிக் கேளுங்கள். தன்மீது விழும் சுமைக்கேற்ப எலும்பு தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் உல்ஃப் 1892-இல் எழுதினார். டென்னிஸ் ஆட்டக்காரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மறு கையினதைவிடத் தடித்திருப்பது அதனால்தான்.

பிடிகள் பொருத்திய செயற்கைச் சுவரில் ஏறும் சுவரேற்றத்தையும், பாறையேற்றத்தையும் இப்படித்தான் எடைபோட வேண்டும். விரல் நுனி மட்டுமே பதியும் ஒரு விளிம்பைப் பிடித்து உடலை மேலே இழுக்கும்போது, அத்தனை விசையும் விரலெலும்புகள் வழியாகப் போகிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறுபவர்களின் கை, விரல் எலும்புகள் மற்றவர்களுடையதைவிட அகன்றும் வலுவாகவும் இருப்பதைக் காட்டியது. பலன் உண்மையானதுதான். ஆனால் முதுமையில் முறிந்து ஆளைப் படுக்கையில் தள்ளுவது இடுப்பெலும்பு. சுவரில் உடல் எடை கைக்கும் காலுக்கும் பங்காகிவிடுகிறது. அசைவும் நிதானமானது; பாதத்தில் அதிர்ச்சி விழுவதில்லை. எலும்பைத் தூண்டுவதோ வேகமான, பலமான சுமை.

ஜப்பானில் 2003-இல் வந்த ஆய்வைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். 1 மீட்டர் கோபுரத்தின் உச்சியில் தண்ணீரை வைத்து, சுண்டெலிகளை ஏறவிட்டார்கள். அவற்றின் எலும்புக்குள் பஞ்சுபோன்ற வலையாக இருக்கும் எலும்புத் திசு அதிகரித்தது. நல்ல ஆய்வு, ஆனால் தாகம் எடுக்கும்போதெல்லாம் ஏறிய சுண்டெலியும், வாரத்தில் இரண்டு மாலை சுவரேறும் மனிதரும் ஒன்றல்ல.

குதித்தல் சுவரேற்றத்துக்கு நேர் எதிர். தரையில் இறங்கும் கணத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை கால் வழியாக இடுப்புக்கு ஏறுகிறது. நாளுக்கு ஐந்தே தாவல்கள் எலிகளின் எலும்பை வலுப்படுத்தியதாக 1997-இல் நிறுவினார்கள். எலும்புச் செல்கள் சில சுமைகளிலேயே விழித்துக்கொண்டு, பிறகு மந்தமாகிவிடும். அதனால் ஒரேயடியாக நூறு முறை குதிப்பதைவிட, சிறு தவணைகளாகப் பிரித்துக்கொள்வது மேல்.

என் ஓட்டு பாரம் தூக்குவதற்கே. ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), ஸ்குவாட் (எடையுடன் குந்தி எழுவது) போன்றவற்றைக் கனமான எடையுடன் செய்யவைத்தார்கள். கூடவே குதித்து இறங்கும் பயிற்சியும் இருந்தது. வாரம் இருமுறை, 30 நிமிடம், 8 மாதம். கீழ்முதுகின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. பயிற்சியாளர் அருகிலேயே நின்று கவனித்தார் என்பதை மறக்கக் கூடாது.

படியேறுதல் இதயத்துக்கு நல்லது. எலும்புக்குச் சுமாரான தூண்டல்தான். நீச்சலும் சைக்கிளும் இந்தப் போட்டியிலேயே இல்லை. சாலைப் பந்தயச் சைக்கிள் வீரர்கள் பலருக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாகவே இருக்கிறது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. எடை குறைந்தால் சுவரில் எளிதாக ஏறலாம் என்று இளம் ஏறுநர்கள் பட்டினி கிடக்கிறார்கள். உணவு போதாமல் ஹார்மோன்கள் சரிந்து மாதவிடாய் நின்றுபோனால், எந்தப் பயிற்சியும் எலும்பைக் காப்பாற்றாது.

சுவரேற்றம் பிடித்திருந்தால் விட வேண்டாம். பிடிமானமும் சமநிலையும் வளரும். அதோடு வாரம் இருமுறை பாரம் தூக்குங்கள். ஏற்கெனவே எலும்பு முறிவு கண்டவர்கள் மட்டும் குதிப்பதற்கும் சுவரிலிருந்து கீழே விழக்கூடிய ஏற்றங்களுக்கும் முன்பாக மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.