அப்பா ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் பணம் போனது

பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இதைத் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். நவம்பர் வருவதற்குள் படித்தால் இன்னும் நல்லது.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்து 2010இல் ஓய்வு பெற்றவர். மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட், அதாவது உயிரோடு இருக்கிறோம் என்பதற்கான சான்று, கொடுக்க வேண்டும். 80 வயது ஆனவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். இந்தக் கணக்கு திருடர்களுக்கும் அத்துப்படி.

2024 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அப்பா சாப்பிட்டு உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. சுத்தமான தமிழ், வார்த்தைக்கு வார்த்தை 'ஐயா'. அப்பாவின் பிபிஓ எண்ணை (பென்ஷன் உத்தரவு எண்) அவனே சொன்னான். எந்த வருடம் ரிட்டையர் ஆனார் என்பதையும் சொன்னான். "முப்பதாம் தேதிக்குள்ள போடலேன்னா அடுத்த மாசம் பென்ஷன் நின்னுடும் ஐயா. இந்த வயசுல எதுக்கு பேங்குக்கு அலையறீங்க? வாட்ஸ்அப்புல ஒண்ணு அனுப்பறேன், அதைத் தொட்டா போதும்."

வந்தது ஒரு ஏபிகே ஃபைல். ப்ளே ஸ்டோர் வழியாக வராமல் நேராக போனில் ஏறும் ஆப். போன் எச்சரிக்கை காட்டியது. "கவர்மென்ட் ஆப்னா அப்படித்தான் ஐயா கேக்கும்" என்று சொல்லி, எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி வரைக்கும் ஒவ்வொன்றாக அழுத்த வைத்தான். பிறகு திரையில் வந்த கட்டங்களில் ஏடிஎம் கார்டு எண், பின் எண்.

அப்பா நடுவில் உஷாராகத்தான் இருந்திருக்கிறார். "ஓடிபி மட்டும் கேக்காதீங்க தம்பி, சொல்ல மாட்டேன். என் பொண்ணு சொல்லியிருக்கா" என்றாராம். அவன் சொன்ன பதில்: "ரொம்ப சரி ஐயா. யார் கேட்டாலும் சொல்லாதீங்க." அந்த நிமிடத்தில்தான் அப்பா அவனை முழுசாக நம்பினார். அவனுக்கு யாரும் ஓடிபி சொல்லத் தேவையே இல்லை. வரும் எஸ்எம்எஸ்ஸை எல்லாம் அந்த ஆப் படித்து அவனுக்கு அனுப்பிவிடும்.

அன்று இரவு 95,000 போனது. மறுநாள் காலை 60,000.

புதன் மதியம் ஏடிஎம்மில் இருப்பைப் பார்த்துவிட்டு, அப்பா வெயிலில் தனியாக வங்கிக்குப் போயிருக்கிறார். கவுன்டரில் இருந்தவர், "லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க, மேனேஜர் நாளைக்குத்தான் வருவார்" என்று அனுப்பிவிட்டார். கார்டை நிறுத்தவில்லை, நெட் பேங்கிங்கை முடக்கவில்லை, சைபர் மோசடியைப் புகார் செய்ய 1930 என்று ஒரு எண் இருப்பதைக்கூடச் சொல்லவில்லை. அன்று இரவே இன்னொரு 18,000 போனது. அப்பாவிடம் ஒரு பழக்கம், எந்தக் காகிதம் கொடுத்தாலும் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் நகர மாட்டார். முப்பது வருட ஸ்டோர்ஸ் வேலை கற்றுக்கொடுத்தது.

எனக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை. "ஏன்ப்பா உடனே சொல்லலை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நீ திட்டுவியேன்னு இருந்தேம்மா" என்றார். அதற்கு ஒரு மாதம் முன்புதான், குடும்ப குரூப்பில் ஏதோ இலவச ரீசார்ஜ் லிங்க்கை ஃபார்வர்ட் செய்ததற்காக எல்லோர் முன்னாலும் அவரைக் கடிந்து பேசியிருந்தேன். இந்த மூன்று நாள் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். 1930க்கு எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, அவ்வளவுக்குப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுவதற்குள் நிறுத்தி வைக்க முடியும். நாங்கள் கூப்பிட்டபோது 21,500 மட்டுமே மிச்சம் இருந்தது. அதையும் நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் எடுக்க முடிந்தது.

வங்கி, "நீங்களே ஆப் போட்டீங்க, நீங்களே பின் அடிச்சீங்க" என்று கைவிரித்தது. முதல் இரண்டு தொகைக்கு அந்தப் பதில் செல்லுபடியாகும். ஆனால் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. சீல் போட்ட நகல் கையில் இருந்தது. முப்பது நாள் காத்திருந்து, வங்கி அசையாததால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு எழுதினோம். அந்த 18,000 திரும்பி வந்தது.

நான் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்த விதமே தப்பு. "ஓடிபி சொல்லாதீங்க" என்ற ஒரே வரி, மற்றதற்கெல்லாம் "குடுங்கப்பா, நான் பண்றேன்" என்று போனைப் பிடுங்கிக்கொள்வது. பிறகு நாலு நாள் பொன்மலையில் தங்கி, போனை அவர் கையிலேயே விட்டு உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பிலிருந்து ஆப் ஏற்றும் அனுமதியை அவரே தேடி அணைத்தார். பென்ஷன் கணக்கில் நெட் பேங்கிங்கை எடுத்துவிட்டோம். செலவுக்கு மட்டும் வேறு கணக்கில் கொஞ்சம் பணம்.

என் தோழியை பேங்க் ஆபீசர் மாதிரி கூப்பிடச் சொன்னேன். முதல் தடவை அப்பா நாலு நிமிடம் பணிவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். 'ஐயா' என்று கூப்பிடுகிறவரிடம் பட்டென்று போனை வைக்க அவருக்கு மனசு வரவில்லை. அவர் தலைமுறைக்கே அது வராது, இதை நான் யோசித்ததே இல்லை. மரியாதை குறையாமல் வைப்பதற்கு ஒரு வாக்கியம் பழகினோம்: "நேர்ல வந்து பாத்துக்கறேன் சார், வச்சுடறேன்." மூன்றாவது தடவை பத்து வினாடியில் வைத்துவிட்டார்.

லைஃப் சர்டிபிகேட்டுக்கு அலையவும் வேண்டாம். தபால்காரரிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து 70 ரூபாயில் டிஜிட்டலாக எடுத்துத் தருகிறார். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான்.

அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் போடாதே. ஆனா ஓடிபி சொல்லாதீங்கன்னு அவனே சொன்னான் பாரு, அதை விட்டுடாம எழுதும்மா" என்றார்.