சுடாத சக்கரத்தைத் தேடும் பட்டறை

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் இருக்கும் இந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வேப்பமரத்தடியில் பழைய பிரேக் டிரம்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம். டிரெய்லர் பிரேக் வேலை மட்டும்தான் செய்கிறார்கள். கனரக இயந்திரங்களை ஏற்றும் என் மூன்று ஆக்சில் லோ பெட் (தாழ்வான தள டிரெய்லர்) வண்டியைப் போன மாதம் இரண்டு நாள் அங்கே விட்டிருந்தேன்.

போன காரணம் இது. ஓசூரிலிருந்து 20 டன் பொக்லைன் ஒன்றை ஏற்றி வந்த டிரைவர், தொப்பூர் இறக்கத்தில் நடு ஆக்சிலில் புகை கிளம்புவதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். இறக்கம் முடிந்ததும் வழியில் ஒரு பட்டறையில் காட்டினோம். அவர்கள் புகைந்த சக்கரத்தின் ஸ்லாக் அட்ஜஸ்டரை, அதாவது பிரேக் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் பாகத்தைத் தளர்த்திவிட்டு, ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அது தானாக இறுகிக்கொள்ளும் வகை. இரண்டு நடைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டது, புகையோடு.

சங்ககிரி மேஸ்திரி வண்டிக்கு அடியில் குனிவதற்கு முன்பே டிரைவரிடம் கேட்டார்: "எந்தச் சக்கரம் சுடவில்லை, தம்பி?"

டிரைவர் விழித்தார். பிறகு யோசித்து, "கடைசி ஆக்சில், கிளீனர் பக்கம். அதில் மட்டும் கை வைக்க முடிந்தது" என்றார்.

"அப்படியானால் அதுதான் வேலைக்கு வரவில்லை. அதன் பங்கையும் சேர்த்து மற்ற ஐந்தும் இழுத்தால் புகையாமல் என்ன செய்யும்?"

இருபது வருடமாக வண்டி வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நானும் குனிந்து பார்த்தேன். டயர்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தார்கள். பிரேக்குக்கான காற்றழுத்தம் 7 கிலோ ஏறியதும் என்ஜினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்தார்கள். ஒவ்வொரு பிரேக் சேம்பரிலிருந்தும் (காற்று நிரம்பியதும் கம்பியைத் தள்ளிப் பிரேக் பிடிக்கவைக்கும் டப்பா) வெளியே வரும் கம்பியில், சேம்பரை ஒட்டி மேஸ்திரி சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "மிதி" என்று குரல் கொடுத்தார். கேபினில் இருந்த பையன் பிரேக்கை மிதித்ததும் கோடு வெளியே நகர்ந்தது. நகர்ந்த தூரத்தை இரும்பு ஸ்கேலால் அளந்து சேசிஸிலேயே எழுதினார்: 38, 41, 40, 37, 42. கிளீனர் பக்கக் கடைசிச் சக்கரத்தில் 62 மில்லிமீட்டர்.

எங்கள் வண்டியில் இருக்கும் டைப் 30 என்ற அளவுச் சேம்பரில் இந்தத் தூரம் 51 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கம்பி மொத்தமாகவே 64 மில்லிமீட்டர்தான் வெளியே வரும். அதற்கு மேல் தள்ள இடமில்லை. இறக்கத்தில் டிரம் சூடாகி விரிந்தால், மிச்சமிருக்கும் 2 மில்லிமீட்டரும் அதிலேயே போய்விடும். கால் முழுவதும் அழுந்தியிருக்கும். அந்தச் சக்கரம் தன் பாட்டுக்கு உருண்டுகொண்டிருக்கும்.

நான் வழக்கம்போல், "இறுக்கிவிடுங்களேன்" என்றேன். மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவில்லை. "தானாக இறுக வேண்டியது இறுகவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும்" என்று பிரேக்கை விரித்து டிரம்மில் அழுத்தும் கேம் ஷாஃப்டைக் கையால் பிடித்து ஆட்டிக் காட்டினார். மேலும் கீழும் ஆடியது, அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தது. அட்ஜஸ்டரும் உள்ளே பழுதாகியிருந்தது. இரண்டையும் மாற்றினார்கள்.

நடு ஆக்சிலில் டிரைவர் பக்கம் ஆயில் சீல் கசிந்து, டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் லைனர் கிரீஸ் குடித்துப் பளபளவென்று இருந்தது. இப்படிப்பட்ட லைனரைத் தீயில் காட்டிக் காயவைத்துத் திரும்ப மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் தூக்கி எறிந்துவிட்டார். ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் பழையது என்று போட்டால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும் என்று எதிர்ப்பக்க லைனரையும் மாற்றச் சொன்னார். செலவு கூடியது. முணுமுணுத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

குறைகளும் உண்டு. ஒரு நாள் வேலை இரண்டு நாளாயிற்று. பொருள்களை நாமேதான் வாங்கித் தர வேண்டும். ஒரு சீலுக்காக நான் நாமக்கல் போய்வந்தேன். கூலி சக்கரத்துக்கு 600 ரூபாய். பில் கிடையாது, ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். டிரைவர்கள் உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். டிரம்மில் படிந்த தூளைப் பையன்கள் முகத்தில் துணிகூடக் கட்டாமல் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவதைத்தான் பார்க்க முடியவில்லை. ஈரத் துணியால் துடைக்கலாமே என்று மேஸ்திரியிடம் சொன்னேன். சிரித்தார். இவ்வளவு கணக்காக வேலை செய்கிறவர் அதில் மட்டும் ஏன் இப்படி என்று தெரியவில்லை.

பார்க்கிங் பிரேக்கைப் பிடித்துவைக்கும் ஸ்பிரிங் சேம்பரைக் கழற்றும்போது மட்டும் பையன்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரே செய்கிறார். உள்ளே அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். போல்ட் போட்டு அதை அடக்கிய பிறகுதான் மற்ற வேலை.

முடிந்ததும் ஆறு சக்கரங்களையும் மறுபடி அளந்தார். 62 என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் பக்கத்தில் 39 என்று எழுதினார். போன வாரம் அதே டிரைவர் அதே எடையோடு தொப்பூர் இறங்கி வந்தார். கீழே நிறுத்தி எல்லா டிரம்மும் ஒரே சூடாக இருப்பதாகப் போன் செய்தார்.

போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் (ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள்) வரிசையில் நிற்கும். மேஸ்திரி போனை எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும்.