ஃபைனல் ஃபேன்டஸி: ஆறிலிருந்தா, பத்திலிருந்தா?

1987-இல் தொடங்கிய வீடியோ கேம் தொடர். எண் வரிசையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒவ்வோர் எண்ணுக்கும் தனி உலகம், தனிக் கதை. புதிதாக வருபவருக்கு நான் சொல்வது இரண்டு வாசல்கள்: 1994-இல் வந்த ஆறு, 2001-இல் வந்த பத்து.

பத்துதான் எளிது. குரல் நடிப்போடு வந்த முதல் பாகம் இது. சண்டையில் அடுத்து யார் முறை என்பது திரையிலேயே தெரியும். நடுவிலேயே ஆளையும் மாற்றிக்கொள்ளலாம். அதனால் அவசரமின்றி யோசித்து ஆடப் பழகிவிடுவீர்கள். பாதை பெரும்பாலும் நேர்கோடு. வழி தவறுவது அரிது. ஒரே குறை, முதலில் வந்த பதிப்பில் நீளமான காட்சிகளைத் தாண்டிப் போக முடியாது. தோற்றால் மறுபடி பார்க்க வேண்டும், அது எரிச்சல்தான்.

ஆறு வேறு மாதிரி. பழைய பிக்சல் படம், குரல் நடிப்பு இல்லை. ஆனால் நீங்கள் ஆடக்கூடிய பாத்திரங்கள் 14 பேர், தனி நாயகன் என்று ஒருவரும் இல்லை. பாதியில் கதை எடுக்கும் திருப்பத்தை யாரிடமும் கேட்காதீர்கள், தேடியும் பார்க்காதீர்கள். நோபுவோ உவேமட்சுவின் இசையில் வரும் ஓபரா காட்சிக்காகவே ஆடலாம். பிக்சல் ரீமாஸ்டர் என்ற புதுப்பித்த பதிப்பை எடுங்கள்.

சரி, எது முதலில்? வாசிக்கப் பிடிக்கும் என்றால் ஆறு. இல்லையென்றால் பத்து, அப்புறம் ஆறு.