எழுதுவது ஏஐ, படிப்பது யார்? பெங்களூர் டீம் ஒன்றில் மூன்று வகைக் கருவிகள்

எங்கள் ஆபீஸ் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில். சின்னக் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்கிறோம். டீமில் ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் மடிவாளாவில் ஊர் பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள். நான் ப்ராடக்ட் மேனேஜர். ஒன்றரை வருஷத்தில் மூன்று வகை ஏஐ கருவிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டோம். மற்ற கம்பெனிகளில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள், "எதை வாங்கச் சொல்லலாம்?" என்று கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் டீமில், ஏஐ எழுதும் புரோகிராம் கோடை (code) உட்கார்ந்து படிப்பது யார்?

முதலில் மூன்றும் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒன்று, எடிட்டருக்குள் இருந்தபடி அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பது. கிட்ஹப் கோபைலட் 2021 ஜூனில் முன்னோட்டமாக வந்து, 2022 ஜூனில் எல்லோருக்கும் திறந்தது இப்படித்தான். இரண்டு, ஏஜென்ட். டிக்கெட்டைக் (செய்ய வேண்டிய ஒரு வேலையை எழுதிய குறிப்பு) கொடுத்தால் ஃபைல்களைத் தானே தேடிப் படித்து, மாற்றி, சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்டுகளை ஓட்டி, பிஆர் ("இந்த மாற்றத்தைப் படித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற கோரிக்கை) வரைக்கும் கொண்டுவந்து வைக்கும். கிளாட் கோட், கர்சரின் ஏஜென்ட் மோடு இந்த வகை. மூன்று, லவபிள், வி0, போல்ட் மாதிரியானவை. கோடு தெரியாதவர்கூட சாதாரணப் பேச்சு மொழியில் சொல்லியே ஓடுகிற ஸ்கிரீன் ஒன்றை உண்டாக்கிவிடலாம். கோபைலட்டிலும் இப்போது ஏஜென்ட் வந்துவிட்டது. அதனால் பெயரை விட்டுவிட்டு, எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பாருங்கள்.

வரி வரியாக உதவுவது

இதில் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. டெவலப்பர் டைப் செய்கிறார், அது நீட்டிக் கொடுக்கிறது, பிடித்தால் டேப் அழுத்துகிறார். ஒவ்வொரு வரியும் கண்ணில் பட்டுத்தான் உள்ளே போகிறது. செலவும் கட்டுக்குள் இருக்கும். 2022இல் தனிநபருக்கு மாதம் 10 டாலர் என்று ஆரம்பித்தது.

வேகம்? கோபைலட்டை வைத்துச் செய்த ஆரம்பகால ஆய்வு ஒன்றில், ஜாவாஸ்கிரிப்டில் ஒரு எச்டிடிபி சர்வர் (பிரவுசர் கேட்பதை அனுப்பும் புரோகிராம்) எழுதச் சொன்னார்கள். உதவி இல்லாதவர்களுக்கு சராசரியாக 2 மணி 41 நிமிடம், உதவியோடு எழுதியவர்களுக்கு 1 மணி 11 நிமிடம். ஆபீஸ் மீட்டிங்குகளில் காட்டப்படும் "55 சதவீதம் வேகம்" என்ற கணக்கு இதிலிருந்து வந்ததுதான். ஆனால் அது புதிதாக, காலி ஃபைலில் எழுதிய வேலை. எங்களிடம் இருப்பதோ ஆறு வருஷத்துக் கோடு. அதில் எழுதுவதற்கு ஆகும் நேரத்தைவிட, எங்கே கைவைத்தால் எங்கே உடையும் என்று கண்டுபிடிக்க ஆகும் நேரம்தான் அதிகம்.

டிக்கெட்டையே கொடுத்துவிடுவது

ஏஜென்ட் வந்த முதல் மாதம் எங்களுக்குத் திருவிழாதான். காத்துக்கிடந்த சின்ன டிக்கெட்டுகள் மளமளவென்று பிஆர் ஆகின. பிறர் எழுதி நாங்கள் பயன்படுத்தும் பழைய கோடு லைப்ரரி ஒன்றைப் புது வெர்ஷனுக்கு மாற்றும் வேலை, யாரும் தொட விரும்பாமல் கிடந்தது, இரண்டு நாளில் முடிந்தது. அந்த வகை வேலைக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று இன்றும் சொல்வேன். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால் சரியா தவறா என்று தெரிந்துவிடுகிற வேலை அது.

இரண்டாவது மாதம் பிஆர் வரிசை நீண்டது. முன்பு, கோடைப் படித்து ஒப்புதல் தரும் சீனியரான டெக் லீடின் பார்வைக்குக் காலையில் இரண்டு மூன்று காத்திருக்கும். இப்போது பத்தைத் தாண்டியது. ஒவ்வொன்றும் முன்பைவிடப் பெரியது. மனுஷர் ராத்திரி பதினொரு மணிக்கு அப்ரூவ் அழுத்திக்கொண்டிருந்தார். படித்துத்தான் அழுத்தினாரா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. சாஃப்ட்வேர் டீம்கள் வேலை செய்யும் விதத்தை ஆராயும் கூகுளின் டோரா குழு 2024 அறிக்கையில் இதைத்தான் சொல்லியிருந்தது: ஏஐ பயன்பாடு 25 சதவீதம் கூடும் இடத்தில், ரிலீஸ்களின் நிலைத்தன்மை 7.2 சதவீதம் குறைவதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். ஒரு தடவையில் போகும் மாற்றம் பெரிதாகிக்கொண்டே போவது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. எங்கள் வரிசையைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

பிறகு, திருப்பிக் கொடுக்கும் பொருளின் கணக்கில் வந்த அந்தத் தப்பு, ரிட்டர்ன் பக். மூன்று பொருள் வாங்குகிறார் ஒருவர்: 500, 300, 200. மொத்த பில்லில் 100 ரூபாய் கூப்பன். 200 ரூபாய்ப் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும்? தள்ளுபடியில் அந்தப் பொருளின் பங்கு 20 போக 180. ஜிஎஸ்டியும் அந்த 180க்குத்தான் கணக்கு. ஏஜென்ட் 200 என்று எழுதியது. டெஸ்டும் எழுதியது, அதிலும் 200. எல்லா டெஸ்டும் பச்சை, அதாவது பாஸ். டெஸ்டிங் பார்க்கும் சேலத்து அக்கா கடைசி நேரத்தில் கையால் ஒரு பில் போட்டுப் பார்த்துப் பிடித்தார். "கேள்வித்தாளும் அதுவே, விடைத்தாளும் அதுவேன்னா யாருக்குத்தான் சென்டம் வராது தம்பி?" என்றார். தப்பு ஏஜென்டுடையது மட்டும் இல்லை. நான் எழுதிய டிக்கெட்டில் கூப்பனைப் பற்றி ஒரு வரி கிடையாது. முன்பெல்லாம் டெவலப்பர் என் இடத்துக்கு வந்து, "அண்ணா, கூப்பன் இருந்தா என்ன பண்றது?" என்று கேட்டிருப்பான். ஏஜென்ட் கேட்காமல் ஊகித்துக்கொண்டது.

வேகத்தைப் பற்றி நமக்கே ஏற்படும் மயக்கமும் உண்டு. மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு 2025இல் அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்களை, அவர்களுக்குப் பழக்கமான கோடிலேயே 246 வேலைகளைச் செய்யவைத்தது. ஏஐ பயன்படுத்தியபோது 19 சதவீதம் அதிக நேரம் ஆனது. ஆனால் வேலை முடிந்தபிறகும் அவர்கள், தாங்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே நம்பினார்கள். அது 2025 தொடக்கத்தில் இருந்த கருவிகளை வைத்துச் செய்தது. கருவிகள் அதற்குப்பின் வெகுவாகத் தேறிவிட்டன. என்றாலும், "வேகமாத்தான் இருக்கு" என்று தினசரி ஸ்டாண்டப் மீட்டிங்கில் யார் சொன்னாலும், டிக்கெட் திறந்த நாளையும் ரிலீஸ் ஆன நாளையும் எடுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அதிலிருந்து வந்தது.

என்னை அதிகம் வருத்துவது வேறு. டீமில் இரண்டு பேர் காலேஜ் முடித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஒருவன் தென்காசிப் பக்கம், அவன் குடும்பத்தில் முதல் இன்ஜினியர். நானும் டெவலப்பராக இருந்தவன்தான். தேதி ஃபார்மேட் தப்பு, ரவுண்டிங் தப்பு என்று சின்னச் சின்ன பக்குகளைத் திருத்தித்தான் ஒரு சிஸ்டம் எப்படி மூச்சு விடுகிறது என்று கற்றுக்கொண்டேன். ஏஜென்ட் முதலில் எடுத்துக்கொள்வது அந்த டிக்கெட்டுகளைத்தான். அவற்றை எடுத்துவிட்டால் இந்தப் பையன் எங்கே கற்றுக்கொள்வான்? ஐந்து வருஷம் கழித்து பிஆர் படிக்கும் ஆளை எங்கிருந்து கொண்டுவருவோம்? முதல் வகைக் கருவியில் இந்தக் கவலை குறைவு, கை அவனுடையதாகவே இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் டீமில் சின்ன பக்குகள் ஜூனியர்களுக்குத்தான், ஏஜென்டுக்குக் கிடையாது. தாமதமாகிறது என்று மேலே கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

பேசியே ஸ்கிரீன் செய்வது

ப்ராடக்ட் மேனேஜருக்கு இது பெரிய வரம். ஸ்டாக் எடுக்கும் ஸ்கிரீன் ஒன்றை ஒரு மதியத்தில் செய்து, சிவாஜிநகர் மளிகைக்கடை ஒன்றில் காட்டினேன். கடைக்காரர் போனை வாங்கி, "ஒரு கையில மூட்டை இருக்கும், இந்த பட்டன் எட்டாது" என்றார். பத்துப் பக்க டாக்குமென்ட் எழுதியிருந்தால் இது ரிலீஸுக்கு அப்புறம்தான் தெரிந்திருக்கும். எதை உருவாக்க வேண்டும் என்று முடிவு செய்யும் கட்டத்தில் மற்ற இரண்டும் இதற்குப் பக்கத்தில் வரமுடியாது.

ஆனால் ஓடுகிறதே என்று அதையே ரிலீஸ் செய்ய ஆசை வரும். அங்கே நிறுத்த வேண்டும். அந்தக் கோடை எங்களில் யாரும் படித்ததில்லை. நிஜ வாடிக்கையாளரின் போன் நம்பரையோ பில்லையோ அதில் ஏற்றவும் கூடாது. அது வெளியே கசிந்தால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான். கடைக்காரர் சொன்னதை எழுதிக்கொண்டு, அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன்.

மீட்டிங் குறிப்பு எடுக்கும் ஏஐ பற்றியும் கேட்கிறார்கள். வைத்துக்கொள்ளுங்கள், பயன் உண்டு. அதை வைத்து டீமின் அமைப்பை மாற்ற வேண்டியதில்லை.

ஆக, கோடைப் படிக்க ஒரே ஒரு சீனியர் இருக்கும் டீம் என்றால் முதல் வகையோடு நிற்கச் சொல்வேன். படிக்க மூன்று பேராவது இருந்து, டெஸ்டை வேறொரு ஆள் எழுதினால் ஏஜென்ட். மூன்றாவது வகை எல்லா ப்ராடக்ட் மேனேஜருக்கும் வேண்டும், ரிலீஸ் செய்யும் அனுமதி இல்லாமல்.

எங்களிடம் இப்போது ஒரு நடைமுறை இருக்கிறது. ஏஜென்டுக்கு டிக்கெட் போவதற்கு முன், அக்கா நோட்டில் மூன்று கணக்கு கையால் போட்டுத் தருகிறார். டெஸ்ட் அவைதான், ஏஜென்ட் அவற்றைத் தொடக்கூடாது. போன டிக்கெட்டின் மூன்றாவது கணக்கு இது: 2025 செப்டம்பர் 22க்கு முன் 12 சதவீத ஜிஎஸ்டியில் விற்ற பொருள், இப்போது 5 சதவீதம், இன்று திரும்பி வருகிறது. திரும்பி வரும் பொருளுக்குப் போடும் கிரெடிட் நோட் பழைய பில்லைச் சேர்ந்தது, அதனால் 12தான் வர வேண்டும். ஏஜென்ட் முதல் இரண்டைத் தாண்டி மூன்றாவதில் 5 போட்டு நின்றது. தென்காசிப் பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு, ரேட் எந்தத் தேதியை வைத்து எடுக்கப்படுகிறது என்று மேலிருந்து படிக்க ஆரம்பித்தான்.