கோலிகுண்டு அளவு கருந்துளையும் ஒரு ஹாஸ்டலும்

காலாண்டு விடுமுறைக்கு அக்கா மகள் நங்கநல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு. போனை எடுத்தால் கீழே வைப்பதில்லை, பிடுங்கினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். டொரான்டோவில் இருக்கும் அத்தை பையன் போன முறை வந்தபோது கொடுத்துவிட்டுப் போன ஹார்ட் டிஸ்க் ஒன்று டிராயரில் கிடந்தது, அவன் பள்ளி நாட்களில் பார்த்த கனடா சீரியல்கள் எல்லாம் அதில் இருந்தன. மழையும் பிடித்துக்கொண்டதா, சரி, ஒன்றைப் போட்டுப் பார்ப்போம் என்று டிவியில் செருகினேன். அப்படித்தான் மாட்டியது 'ஸ்ட்ரேஞ்ச் டேஸ் அட் பிளேக் ஹோல்சி ஹை'. பெயரைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், 'பிளாக் ஹோல் ஹை' என்று காதில் விழும். பிளாக் ஹோல் என்றால் கருந்துளை, வெளிச்சத்தைக்கூட வெளியே விடாமல் இழுத்துக்கொள்ளும் வான்பொருள். அதுதான் அந்தப் பெயரில் ஒளித்து வைத்திருக்கும் ஜோக்.

2002இல் ஆரம்பித்து 2006இல் முடிந்த தொடர். மொத்தம் 42 பாகம், விளம்பரம் போக ஒவ்வொன்றும் இருபத்திச் சொச்ச நிமிடம். ஐந்து நிமிடத்துக்குள் வீட்டு விமர்சகரிடமிருந்து முதல் கருத்து வந்துவிட்டது: "மாமா, இவங்க யார்கிட்டயுமே போன் இல்லையே, அப்புறம் எப்படிப் பேசிப்பாங்க?" நேரில் போய்த்தான் பேசுவார்கள் என்றேன். நம்பவில்லை.

கதை எளிமையானது. ஜோசி டிரென்ட் என்று துடுக்கான ஒரு பெண் இந்த விடுதிப் பள்ளிக்குப் புதிதாக வந்து சேர்கிறாள். அறிவியல் ஆசிரியர் சக்கரியின் அறையில் ஒரு புழுத்துளை இருப்பதைக் கண்டுபிடிக்கிறாள், அதாவது ஓர் இடத்திலிருந்தும் காலத்திலிருந்தும் இன்னொன்றுக்குப் போகும் சுரங்கப்பாதை. பக்கத்திலேயே விபத்தில் அழிந்துபோன பியராடைன் என்ற ஆய்வுக்கூடம். அதன் பின்னால் இருக்கும் பணக்காரரின் மகன் வாகனும் இதே பள்ளியில்தான் படிக்கிறான். ஜோசி, அவளுடைய அறைத்தோழி கொரின், லூகஸ், மார்ஷல், அப்புறம் அந்த வாகன், இந்த ஐந்து பேரும் அறிவியல் கிளப். பள்ளியில் நடக்கும் விநோதம் எல்லாம் இவர்கள் தலையில்தான் வந்து விடியும்.

எனக்குப் பிடித்தது புழுத்துளையைவிட இன்னொரு விஷயம். அந்த வயதில் மனதுக்குள் கிடந்து குடையும் சங்கடங்கள் இந்தப் பள்ளியில் நிஜமாகவே உடம்புக்கோ அறைக்கோ சுற்றியிருக்கும் இயற்பியலுக்கோ ஏதாவது செய்துவிடும். பாகங்களின் தலைப்புகளே காந்தம், கண்ணுக்குத் தெரியாமல் போவது, சுருங்குவது என்ற கணக்கில்தான் ஓடுகின்றன. பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்ல வேண்டும் என்று யாரும் நாற்காலி போட்டு உட்காருவதில்லை, என்ன நடக்கிறது என்று பார்க்கிறார்கள், ஒரு ஊகம் செய்கிறார்கள், சோதித்துப் பார்க்கிறார்கள், பெரும்பாலும் முதல் ஊகம் தப்பாகப் போகிறது. அந்தத் தப்பாகப் போவதைக் காட்டுகிறார்கள் பாருங்கள், அதற்காகவே நான் இதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம் என்பேன். நம் ஊர் சயின்ஸ் எக்ஸிபிஷனில் தெர்மாகோல் எரிமலை ஒருநாளும் தப்பாகப் போவதில்லை.

நானும் ஹாஸ்டல் பிள்ளைதான். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடம், ஊரின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். தகரப் பெட்டி, அதற்கு ஒரு நவ்தால் பூட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு ரூபாய் காயின் பாக்ஸ் போன் முன்னால் நாற்பது பேர் வரிசை. நம் முறை வரும்போது அம்மா கோயிலுக்குப் போயிருப்பார். எங்கள் விடுதியில் ஒரு புழுத்துளை இருந்திருந்தால் வார்டன் அதற்கும் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகியிருப்பார். அதனாலோ என்னவோ, ஜோசி பெட்டியோடு வந்து நிற்பதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் அந்தப் பழைய பிசைவு ஒரு நொடி வந்து போனது. இவர்கள் அறைக்கு இரண்டு பேர், நாங்கள் ஒரு ஹாலுக்கு முப்பது பேர், அது வேறு விஷயம். 'வியாழக்கிழமை' என்றே ஒரு பாகம் இருக்கிறது, ஜோசிக்கு ஒரே வியாழக்கிழமை திரும்பத் திரும்ப வரும். எங்களுக்கு இரண்டு வருடம் எல்லா வியாழனும் ஒன்றுதான், காலையில் ரவா உப்புமா. அதற்கு எந்தப் புழுத்துளையும் தேவைப்படவில்லை.

அறிவியல் சரியா என்று கேட்டால், பாதிதான். "ஸ்கூலுக்குள்ள பிளாக் ஹோல் இருந்தா ஸ்கூல் எப்படி மாமா நிக்குது?" என்று அவள் கேட்டாள், நல்ல கேள்வி. இந்த மொத்தப் பூமியையும் நசுக்கிக் கருந்துளை ஆக்கினால் அதன் ஆரம் 9 மில்லிமீட்டர்தான் வரும், ஏறக்குறைய ஒரு கோலிகுண்டு. ஆகவே கோலிகுண்டு அளவு கருந்துளை ஒன்று ஆசிரியர் அறையில் நிஜமாக உட்கார்ந்திருந்தால் அதன் எடை பூமியின் எடை, அப்புறம் பள்ளியும் இருக்காது, நங்கநல்லூரும் இருக்காது. புழுத்துளை என்ற யோசனை மட்டும் கதைக்காரர்கள் சும்மா அடித்துவிட்டதில்லை. ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் 1935இல் அப்படி ஒரு பாலம் கணக்கில் வருகிறது என்று எழுதினார்கள். 1957இல் அதற்கு 'வோர்ம்ஹோல்' என்று பெயர் வைத்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் வீலர், பத்து வருடம் கழித்து 'பிளாக் ஹோல்' என்ற சொல்லை ஊர் வாயில் போட்டவரும் அவரே. மார்ஷலின் முழுப் பெயர் மார்ஷல் வீலர்! வேண்டுமென்றே வைத்தார்களோ தற்செயலோ, எனக்கு அது தெரிந்ததும் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன், அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மறுநாள் மழை விட்டதும் பீச் பக்கம் போனோம். மாநிலக் கல்லூரியைத் தாண்டும்போது, இங்கே படித்த இயற்பியலாளர் சந்திரசேகர் 1930இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலில் போகும் வழியிலேயே, செத்துப்போகும் நட்சத்திரம் எந்த எடைக்கு மேல் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது என்று கணக்குப் போட்டவர் என்று சொன்னேன். இன்றைய கணக்கில் அது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு 1983இல் நோபல். கப்பலில் கணக்குப் போட்டபோது அவருக்கு எத்தனை வயது என்று கேட்டாள். பத்தொன்பது என்றதும் கொஞ்ச நேரம் சுண்டல்கூட வாயில் போகவில்லை. இந்தப் பேச்சு சீரியல் இல்லாமல் வந்திருக்காது, ஆகவே அதற்கு ஒரு மார்க் கூடுதல்.

குறைகளுக்கு வருகிறேன். கிராபிக்ஸ் பாவமாக இருக்கும், அந்தச் சுழலைப் பார்த்தால் வாஷிங் மெஷின் மூடியை உள்ளிருந்து படம் பிடித்த மாதிரி. பிரின்சிபால் டர்ஸ்ட் அம்மையார் வந்தாலே அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று நாமே சொல்லிவிடலாம். வாகனின் அப்பா விக்டர் பியர்சன், வில்லன் என்றால் முறைக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல் ஆரம்பப் பாகங்களில் முறைத்துக்கொண்டே இருக்கிறார். பின்னால் போகப் போகக் காலப் பயணம், இன்னொரு ஜோசி என்று முடிச்சு மேல் முடிச்சு விழும், நடுவில் ஒரு பாகத்தைத் தவறவிட்டால் தலையும் புரியாது வாலும் புரியாது. நான் இரண்டு முறை நிறுத்தி அவளிடம்தான் விளக்கம் கேட்டேன். இங்கிலீஷ் வேகமாகப் பேசுகிறார்கள், என்னிடம் இருக்கும் பிரதியில் சப்டைட்டிலும் கிடையாது.

நடிப்பு பரவாயில்லை என்பதற்கும் மேலே. ஜோசியாக வரும் எம்மா டெய்லர்-இஷர்வுட் கண்ணாலேயே வாயாடுகிறார். மார்ஷலாக வரும் நோவா ரீடைப் பிற்பாடு 'ஷிட்ஸ் கிரீக்' சீரியல் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதே பேட்ரிக்தான், இங்கே மீசை முளைக்காத பையன். ஆசிரியர் சக்கரியாக ஜெஃப் டக்ளஸ், பிள்ளைகள் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இன்னொரு கேள்வி கேட்கும் ஆசாமி. எனக்கு இப்படி ஓர் இயற்பியல் வாத்தியார் வாய்த்திருந்தால் நான் பி.காம். படித்திருக்க மாட்டேன்.

பத்து வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம், முகம் சுளிக்கும் காட்சி ஒன்றுகூட வரவில்லை. முதல் பாகத்திலிருந்து வரிசையாகப் பாருங்கள், ஒரே மூச்சில் வேண்டாம், நாளுக்கு இரண்டு போதும். நாங்கள் 29 வரை வந்திருக்கிறோம். விடுமுறை முடிந்து அவள் பெரம்பூருக்குப் போய்விட்டதால் இப்போது சனிக்கிழமை மட்டும்தான் ஓடுகிறது. டிசம்பரில் அத்தை பையன் கச்சேரி கேட்க வருகிறான், வந்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கேட்பான், அதற்குள் இன்னும் 13 பாக்கி.